வாளியைக் கவிழ்த்து ஏறினால்

நாலு புள்ளி ஆறு.
முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் சொல்லியிருந்தார்கள்.
விருதுநகர்க் கூட்டுறவு வங்கியில்
பத்தொன்பது வருஷம் தணிக்கை பார்த்தவள் நான்.
பைசா பிசகாமல் கூட்டல் நின்றால்
முதலில் அந்தப் பேரேட்டைத்தான் கையில் எடுப்பேன்.
ஆனாலும் அன்று, ஸ்கேன் உறை மடியில் கிடக்க,
தம்பி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்க,
பரேலில், ஆஸ்பத்திரிக்கு நடை தூரத்தில்,
இரவுக்கு ஆயிரத்து நானூறு என்றதும்
கண்ணை மூடிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

'பளிங்கு போலச் சுத்தம்' என்றிருந்தார் ஒருவர்.
அதே பளிங்கை அதே வாரம் இன்னும் நான்கு பேர்
அதே எழுத்துப்பிழையோடு பார்த்திருந்தார்கள்.
'நிலேஷ் தங்கமான பையன்',
'நிலேஷுக்கு நன்றி',
'நிலேஷ் இல்லாவிட்டால் நாங்கள் இல்லை',
ஏதோ எல்லைச்சாமிக்கு
வேண்டுதல் பலித்தவர்கள் பதித்த கல் மாதிரி.
'கடல் தெரிகிறது' என்றார் குவாஹாட்டி பாருவா.
ஒற்றை நட்சத்திரம் போட்ட ராஞ்சி அம்மாள் மட்டும்
'ஃபேன் சத்தம். தூக்கம் இல்லை'
என்று நிறுத்திக்கொண்டாள்.

ஐந்தாம் மாடி.
லிஃப்ட் பழுது என்று காகிதம் ஒட்டியிருந்தது,
காகிதமே பழுத்திருந்தது.
ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டிடத்தின் ஜன்னல்,
அதில் காயும் ஒரு பனியன்.
கடல் இருந்தது,
கட்டிலுக்கு மேல், ஓரம் பிரிந்த சுவர்த்தாளில்,
இரண்டு தென்னைகளோடு.

வெந்நீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு
போகாமல் நின்றான் நிலேஷ்.
'தாயி' என்றான். மராத்தியில் அது அக்காவாம்.
"தாயி, கிளம்பும்போது ஐந்து நட்சத்திரம்.
என் பேரைப் போடணும்.
ஐந்தோடு பேர் வந்தால் சேட் ஐம்பது ரூபாய் தருவார்."
அப்படியா சேதி என்று
முந்நூற்றுப் பன்னிரண்டையும் மனசில்
ஒரே கோட்டில் அடித்தேன்.

மூன்றாம் ராத்திரி, இரண்டேகால் மணி.
தம்பி எடுத்த வாந்தியின் நிறம் மாறியிருந்தது.
ஐந்து மாடிக்கு என் கை போதவில்லை.
நிலேஷ் தூக்கக் கண்ணோடு வந்தான்,
அவனைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான்,
ஒற்றைச் செருப்போடு தெருமுனைக்கு ஓடி
டாக்ஸியை மறித்தான்.
விடிந்து திரும்பும்போது
மூன்றாம் மாடிப் படியில் கிடந்தது இன்னொரு செருப்பு.
ஐம்பது ரூபாய்க்கு
இது எந்தத் தலைப்பின் கீழ் வரும்?

தம்பியை வார்டில் சேர்த்துக்கொண்டார்கள்.
அறையில் நான் மட்டும்.
ஃபேன் சத்தம் நிஜம்.
ராஞ்சி அம்மாள் பொய் சொல்லவில்லை.
ஆனால் அந்தச் சத்தத்துக்குள்
வாய்விட்டு என்ன செய்தாலும்
பக்கத்து அறைக்குக் கேட்பதில்லை.
அதை அவள் எழுதவில்லை.

ஆறாம் நாள், ஈரத்துண்டைக் காயப்போடக்
குளியலறையில் வாளியைக் கவிழ்த்து ஏறினேன்.
வென்டிலேட்டரின் உடைந்த கண்ணாடியில்,
இரண்டு தண்ணீர்த் தொட்டிகளுக்கும் ஒரு கிரேனுக்கும் நடுவில்
நகக்கண் அளவு சாம்பல் நிறம்.
அசைந்தது.
சிவ்ரிப் பக்கத்துக் கடல்.
பாருவா இங்கே ஏறி நின்றிருக்கிறார்.
எதற்கு ஏறினார், யாரோடு வந்தார்,
எத்தனை பேராகத் திரும்பினார்,
ஒன்றும் அதில் இல்லை.

சோலாப்பூர் தாண்டியதும் போன் கேட்டது:
உல்லாசப் பயணமா, தொழில் பயணமா?
இரண்டும் இல்லாததற்குக் கட்டம் இல்லை.
கீழ் பெர்த்தில் தம்பி தூங்குகிறான்.
இருபத்தோராம் நாள் மறுபடி வரணும்.

எழுதினேன்:
லிஃப்ட் ஓடாது. பளிங்கு கிடையாது.
குளியலறையில் வாளியைக் கவிழ்த்து ஏறினால் கடல் உண்டு.
நிலேஷ்.

நட்சத்திரத்தில் விரல் மூன்றில் நின்றது,
நான்குக்குப் போய் வந்தது,
குண்டக்கல் வரைக்கும்.
ஐந்துக்குத்தான் ஐம்பது என்பது நினைவு வந்ததும்
ஐந்தை அழுத்தினேன்,
பத்தொன்பது வருஷத் தணிக்கைக்காரி.

'சரிபார்த்த பின் வெளியாகும்' என்று வந்தது.
பார்க்கட்டும்.
ஐந்து மாடி ஏறணும்.